காற்றுக்கு ஒரு ஓட்டை

“இன்னொரு தடவை போடு, ஆணி,” என்றார் ரசமட்டம்.

போட்டேன். காருக்குள் அந்தப் பையனின் குரல் ஃபோனில் மறுபடியும் கேட்டது.

“அக்கா, பர்மிட்ல பெரிய வில்லங்கம் ஒண்ணு இருக்கு. ஃபோன்ல வேணாம், நேர்ல வந்து சொல்றேன். மச்சான்கிட்ட இப்போதைக்கு மூச்சு விடாத.”

அவ்வளவுதான். முந்தாநாள் சாயங்காலம் வந்த செய்தி. அதற்குப் பிறகு ஆளையும் காணோம், அவனுடைய ஃபோனும் அணைந்து கிடக்கிறது. போலீசில் போய்ச் சொன்னதற்கு, வயசுப் பையன்தானே, கோபம் தீர்ந்தால் தானாக வருவான் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த அக்கா பின்சீட்டில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மடியில் ஒரு சின்ன ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதற்குள் ஐஸ்கட்டி, ஐஸ்கட்டிக்கு நடுவே இன்சுலின் ஊசி. தம்பிக்குப் பத்து வயதிலிருந்து சர்க்கரை வியாதி. வேளை தவறாமல் ஊசி போட்டே ஆகவேண்டிய ரகம். அவன் ஊசிப் பெட்டி வீட்டிலேயே கிடந்தது. ஊசி இல்லாமல் இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அதைச் சொன்னபோது டீச்சர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல மேடம்,” என்றேன் ரசமட்டத்திடம். “பின்னாடி ஏதோ ஒரு குருவி கத்துது, அவ்வளவுதான்.”

“எத்தனை தடவை கத்துது?”

“செய்தி முழுக்கக் கேட்டா ரெண்டு தடவை. ஆரம்பத்துல ஒண்ணு, கடைசியில ஒண்ணு.”

“ரெண்டும் ஒரே மாதிரி. இம்மி பிசகல. அவ்வளவு ஒழுங்கா எந்தக் குருவிடா கத்தும்?”

வெளியே யாருக்கும் இவர் பெயர் தெரியாது. நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான் ரசமட்டம். கொத்தனார் கையில் ஒரு கட்டை இருக்குமே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும், அதுதான். எதிரே இருப்பவர் அழுதாலும் கத்தினாலும் காலில் விழுந்தாலும் இவருடைய குமிழி நடுவை விட்டு நகராது. துப்பறிய வருவதற்கு முன்னால் காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்துபோன வீடுகளைச் சோதித்துக்கொண்டிருந்தவர். என்னை ஆணி என்பார். உடம்பு ஒல்லி, தலை பெரிசு, அடித்தால்தான் உள்ளே இறங்கும் என்று விளக்கம் வேறு கொடுப்பார்.

“புகை அலாரம்,” என்றார். “கூரையில மாட்டுவாங்க. வீட்டுல கரண்ட் இருந்தா அது வாயே திறக்காது. கரண்ட் இல்லாம பேட்டரியிலயே ஓடி, அந்தப் பேட்டரியும் தீரப்போகுதுன்னா இப்படித்தான் கீச்சுன்னு ஒரு சத்தம் குடுக்கும். டீச்சர், உங்க வீட்டுக்காரரும் தம்பியும் இப்ப எத்தனை வீட்டுல வேலை பாக்குறாங்க?”

டீச்சரின் புருஷனும் தம்பியும் கூட்டு வியாபாரம். பழைய வீட்டை வாங்கி, சுவரைத் தட்டி, வயரை மாற்றி, அனுமதி எல்லாம் வாங்கிப் புது வீடு மாதிரி விற்பார்கள். புருஷனுக்குச் சீக்கிரம் விற்க வேண்டும். தம்பிக்குச் சரியாகக் கட்ட வேண்டும். சண்டைக்கு வேறு காரணம் எதற்கு?

“மூணு வீடு,” என்றார் டீச்சர். “ஒண்ணு முடிஞ்சு லைட்டெல்லாம் எரியுது. ஒண்ணுக்குக் கூரையே இன்னும் போடல. இன்னொண்ணு...” நிறுத்தினார். “இன்னொண்ணுல வயரிங் முடிஞ்சாச்சு. ஆபீசர் வந்து பார்த்து சரின்னு சொன்னாத்தான் கரண்ட் குடுப்பாங்க. இன்னிக்கு மத்தியானம் வர்றாங்க.”

“அலாரம் மாட்டியாச்சு, கரண்ட் வரல. அந்த வீடுதான்.”

“ஆனா அங்க யாரும் போகவே இல்ல, பூட்டி ஒரு வாரமாச்சுன்னு அவர் சொன்னாரே.”

அவர் என்றால் புருஷன்.  டீச்சர் கணக்குப் போட்டு முடித்துவிட்டார் என்பதும், விடை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் கண்ணாடியில் தெரிந்த முகத்திலேயே தெரிந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன்.

*

வீடு தெருமுனையில் இருந்தது. தரைமட்டத்திலிருந்து இடுப்புயரம் மேடை எழுப்பி அதன்மேல் கட்டிய பழைய வீடு. புதுப் பெயிண்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் பளபளவென்று நின்றது.

கேட்டைத் திறந்ததும் ஒருவர் ஓடிவந்து என் நெஞ்சில் கைவைத்துத் தடுத்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் இன்னும் நாலு ஹெல்மெட்.

“வேலை நடக்கிற இடம் சார். தலைக்கு இல்லாம உள்ள வரக்கூடாது.”

“வேலைதான் முடிஞ்சுபோச்சே சார்?”

“சான்றிதழ் கைக்கு வர்ற வரைக்கும் முடியலன்னுதான் கணக்கு.”

இவர்தான் பர்மிட் சார். வீடு புதுப்பிக்கிறவர்களுக்கு அனுமதி வாங்கித் தருவது தொழில். எந்தக் கதவு எவ்வளவு அகலம், எந்தப் படி எவ்வளவு உயரம், எல்லாம் நாக்கு நுனியில். அவர் கொடுத்த வரைபடம் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லையாம். கை குலுக்கி முடிப்பதற்குள் இதை இரண்டு முறை சொல்லிவிட்டார். ஹெல்மெட் பட்டியையும் அவரே என் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டார். என்னைப் பெற்றவள்கூட அவ்வளவு அக்கறையாகப் பித்தான் போட்டுவிட்டதில்லை.

“ஹெல்மெட் எனக்குச் சின்னதா இருக்கு சார்,” என்றேன்.

“தலை அளவு பெரிசு. இதைவிடப் பெரிசு வர்றதில்ல.”

ரசமட்டம் சிரிக்காமல் என்னைத் தாண்டி உள்ளே போனார். அந்த நேரத்தில் கூடத்தின் கூரையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

கீச்.

டீச்சரின் கை என் முழங்கையைப் பிடித்தது. நகம் பதிந்தது.

“என்ன கூட்டம் இங்க?” சமையலறையிலிருந்து வந்தார் டீச்சரின் புருஷன். பையன் தன் செய்தியில் சொன்ன மச்சான் இவர்தான். எனக்கும் அவர் அன்றிலிருந்து மச்சான்தான். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரிசு. “ஏம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல ஆபீசர் வரப்போறாரு. இப்பப் போய் இவங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்க?”

“என் தம்பி இங்க வந்திருக்கான்,” என்றார் டீச்சர்.

“யாரு சொன்னா? இந்த வீடு பூட்டி ஒரு வாரம்...”

“சார்,” என்றார் ரசமட்டம். “உங்க மச்சினன் முந்தாநாள் பேசினது இந்தக் கூடத்துல நின்னு. இந்த அலாரமும் அதுல பேசியிருக்கு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

மச்சான் மேலே பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வேட்டை நாய்க்கு முன்னால் முயல் விழிக்கும் என்பார்கள். இங்கே யானை விழித்தது.

“வந்தான்,” என்றார் கடைசியில். “நானும் வந்தேன். சான்றிதழ் வர்றதுக்கு முன்னாடியே ஆளைக் குடியேத்திடலாம்னு சொன்னேன். முடியாதுன்னான். வார்த்தை தடிச்சுது. கோவத்துல ஒரு அறை விட்டுட்டேன். அத்தோட நான் கிளம்பிட்டேன். சத்தியமா அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

“அடிச்சீங்களா?” டீச்சரின் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. “ரெண்டு நாளா என்கூட உக்காந்து சாப்பிட்டீங்க. அவனைத் தேடுற மாதிரி ஃபோன் போட்டீங்க. அடிச்சதைச் சொல்லலையே நீங்க?”

“எப்படிம்மா சொல்றது?”

“என் தம்பியை எங்க வெச்சிருக்கீங்க?”

 பர்மிட் சார் இடையில் புகுந்து, குடும்ப விஷயத்தை வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம், சோதனை நேரத்தில் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல்தான் அப்போது பட்டது.

வீடு முழுக்கத் தேடினோம். மூன்று அறை, கூடம், சமையலறை, இரண்டு குளியலறை. அலமாரிகளைத் திறந்தேன். மொட்டைமாடித் தொட்டிக்குள் தலையை விட்டேன். பெயிண்ட் வாசனை தவிர ஒன்றும் இல்லை. பர்மிட் சார் கூடவே வந்தார். நான் ஏணியில் கால் வைத்தபோது ஏணி சாய்ந்திருக்கும் கோணம் தப்பு என்று இறக்கிச் சரிசெய்து மறுபடி ஏற்றினார். ஆளை இங்கே புதைத்திருந்தால்கூட முறைப்படி அனுமதி வாங்கித்தான் புதைத்திருப்பார்கள் போலிருக்கிறதே என்று மேடத்தின் காதில் சொன்னேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், ஆனால் திட்டவில்லை.

டீச்சர் அதற்குள் வெளியே போயிருந்தார். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த சந்தில், மீந்துபோன டைல்ஸ் அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில், மேடைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். ஃபிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தார்.

“ஐஸ் கரைஞ்சுடுச்சு,” என்றார் என்னிடம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருடைய செருப்பில் ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. இரண்டு நாளாக ஊரெல்லாம் அலைந்த செருப்பு.  மனசு கனத்தால் நான் உடனே கோணங்கித்தனம் ஏதாவது செய்தாக வேண்டும், என் சுபாவம் அப்படி. ஷூ லேசைக் கட்டுகிற சாக்கில் அவர் காலடியிலேயே குந்தினேன்.

அப்போதுதான் கணுக்காலில் காற்று பட்டது.

மேடைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு வட்டமான ஓட்டை. எலுமிச்சம்பழம் உள்ளே போகும் அகலம். அதில் பிளாஸ்டிக் குழாய் பதித்து, வாயில் கொசுவலை மாதிரி மெல்லிய கம்பிவலை ஒட்டியிருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பூச்சு. டைல்ஸ் பெட்டி பாதி மறைத்திருந்தது.

நான் எழுந்துபோய் வாசலில் நின்ற மேடத்திடம் சொன்னேன். “இந்த வீட்டுல எலிக்கும் ஏசி போட்டிருக்காங்க மேடம். சுவத்துக்குள்ளேருந்து காத்து வருது. உள்ள பழம் வேற வாங்கிப் போட்டிருக்காங்க, அழுகின வாசனை.”

ரசமட்டத்தின் முகத்தில் குமிழி நகர்ந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

“பழ வாசனையா?”

“ஆமா. ரொம்பக் கனிஞ்ச பழம்.”

“டீச்சர் எதுக்குடா ஃபிளாஸ்க் வெச்சிருக்காங்க?” என்றார். எனக்கு விளங்கவில்லை. “சர்க்கரை கண்டபடி ஏறினா மூச்சுல பழ வாசனை அடிக்கும். மேடைக்குள்ள என்ன இருக்கணும்? மண்ணு. மண்ணு மூச்சு விடுமா?”

 அவர் டீச்சரை ஏதோ சாக்குச் சொல்லி வாசல் பக்கம் அனுப்பிவிட்டுச் சந்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். குந்தி உட்கார்ந்து குழாய்க்குள் மெதுவாகக் கூப்பிட்டார். பதில் இல்லை. காற்றும் நின்றிருந்தது. காதை வைத்துக் கேட்டார். உள்ளே எதுவோ தகரத்தில் உரசும் சத்தம் ஒன்று வந்து நின்றது.

“உயிர் இருக்கு,” என்றார். “ஆம்புலன்சுக்குப் போடு. சைரன் அடிக்காம வரச் சொல்லு.”

போட்டேன். போட்டுவிட்டு, “மச்சானைப் பிடிச்சு ரெண்டு தட்டுத் தட்டுவோமா மேடம்?” என்றேன்.

“இந்த ஓட்டையை நல்லாப் பாரு. உள்ளேருந்து வெளிய சரிவா இருக்கு.”

“அதுக்கென்ன?”

“மழைத்தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு. பூச்சி போகக் கூடாதுன்னு வலை. நேத்துதான் வெச்சிருக்காங்க, பூச்சு இன்னும் காயல. ஒருத்தனை அடைச்சு வெச்சுட்டு அவனுக்காக மெனக்கெட்டு இதைச் செஞ்சவன் கெட்டவன்தான். ஆனா ஒழுங்கானவன்.”

“யாருன்னு தெரிஞ்சா நேராப் போய்க் கேட்டுடலாமே?”

“இல்லைன்னு சொல்லுவான். வழி எங்கன்னு தேடி நாம தரையை உடைக்கணும். எந்த இடத்தை உடைச்சா வீடு தாங்கும்னு நமக்குத் தெரியாது, அந்தப் பையனுக்கு நேரமும் கிடையாது. அவனாவே ஓடிவந்து திறக்கணும்.” எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். “அங்க மிச்சம் சிமெண்ட் இருக்கு பாரு. ஒரு சட்டி குழை.”

*

சிமெண்ட் குழைத்த சட்டியோடு நான் சந்தில் உட்கார்ந்தேன். மேடம் மச்சானையும் பர்மிட் சாரையும் கூப்பிட்டு வந்தார். டீச்சரும் பின்னால் வந்தார்.

“ஒண்ணும் இல்ல சார்,” என்றார் மேடம், சாதாரணமாக. “இந்த ஓட்டை வழியா எலி ஒண்ணு உள்ள போறதை இவன் பார்த்திருக்கான். ஆபீசர் வர்ற நேரம். அடைச்சு விட்டுடலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

மச்சான் எட்டிப் பார்த்தார். “எவன்டா இங்க ஓட்டை போட்டது? அடைச்சுத் தொலைங்க,” என்று திரும்பி நடந்தார். இரண்டடி போனவர் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டார், ஆனால் அவரைத் தொடத் தைரியம் வரவில்லை.

“நீங்க என்ன சொல்றீங்க சார்?”

பர்மிட் சார் எச்சில் விழுங்கினார். “வேணாம் மேடம். ஈரச் சிமெண்ட்டைப் பார்த்தா ஆபீசர் ஏதாவது கேப்பாரு.”

“மேல டைல்ஸ் பெட்டியை நகர்த்தி வெச்சுக்கலாம். ஆணி, போடு.”

கரண்டியில் ஒரு குத்து எடுத்தேன்.  குழாயின் விளிம்பில் கீழ்ப்பாதியில் மட்டும் மெதுவாக அப்பினேன்.

“அதை அப்புறம் பாத்துக்கலாமே,” என்றார் பர்மிட் சார். ஹெல்மெட்டுக்குக் கீழே வியர்வை கோடாக இறங்கியது. “நானே ஆள் விட்டு அடைக்கிறேன். சாயங்காலம். சோதனை முடிஞ்சதும்.”

“எலி அதுக்குள்ள குட்டி போட்டுடும் சார்,” என்றேன்.

“போடு ஆணி. முழுசா.”

இரண்டாவது கரண்டியைத் தூக்கினேன். வலைக்கு நேராகக் கொண்டுபோனேன். இன்னும் ஒரு விரல்கடை தூரம்தான்.

“அடைக்காதீங்க!” பர்மிட் சார் பாய்ந்து என் கையைத் தட்டிவிட்டார். சிமெண்ட் என் முகத்தில் தெறித்தது. அவர் முழங்காலிட்டு, அப்பியிருந்ததை விரலால் வழித்து எடுத்தார், நகத்தால் சுரண்டினார். “ஆள் புழங்குற அறைக்குக் காத்து இல்லாம அடைக்கக் கூடாது! அது கூடவே கூடாது!”



“எந்த அறைக்கு சார்?” என்று கேட்டார் ரசமட்டம். “உங்க வரைபடத்துல இங்க மண்ணுதானே இருக்கு?”

பர்மிட் சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மச்சானுக்கு முதலில் புரியவில்லை. டீச்சருக்குப் புரிந்தது. ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “வழி எங்க?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் ஒரு வகுப்பே எழுந்து நின்றிருக்கும்.

“சமையலறையில,” என்றார் அவர். “பாத்திர அலமாரிக்கு அடியில.”

*

மச்சான் ஒரே இழுப்பில் அலமாரியைப் பெயர்த்தெடுத்தார். அடியில் டைல்ஸ் ஒட்டிய பலகை, பலகைக்கு அடியில் படிகள். பழைய வீட்டின் நிலவறை. மேலே ஏறிவந்த வாசனையில் டீச்சர் ஒரு கணம் கண்ணை மூடினார். அவருக்கு அந்த வாசனை தம்பியின் பத்து வயதிலிருந்தே தெரியும்.

“பாத்து,” என்றார் பின்னாலிருந்து பர்மிட் சார், பழக்க தோஷத்தில். “படிக்குக் கைப்பிடி இல்ல.”

“வாயை மூடுய்யா!” என்று நான் கத்தினேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

டார்ச் வெளிச்சத்தில் பையன் தெரிந்தான். சுவரோரம் கவிழ்த்துப்போட்ட தகர வாளி, அதன் பக்கத்தில் சரிந்து கிடந்தான். உதடு வெடித்திருந்தது. மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல் வேகமாக இரைத்தது. சுற்றிலும் பிஸ்கட் பொட்டலங்களும் பழச்சாறு டப்பாக்களும் கிடந்தன. ஒன்றையும் பிரிக்கவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் காலியாக உருண்டிருந்தது.

டீச்சர் டாக்டருக்கு ஃபோனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டாக்டர் சொல்லச் சொல்ல ஊசியைத் திருகி அளவு வைத்தார், தம்பியின் சட்டையைத் தூக்கிக் குத்தினார். கை கொஞ்சமும் ஆடவில்லை.  மச்சான் பேசாமல் குனிந்து, தான் அறைந்த அந்தப் பையனைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படியேறினார். அழுதுகொண்டே ஏறினார்.

மேலே பர்மிட் சார் தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அளக்க வந்த முதல் நாளே நிலவறையைப் பார்த்துவிட்டாராம். காட்டினால் மேல் தளத்துக்கே முட்டு கொடுக்க வேண்டும், வரைபடம் திரும்பி வரும். அவர் கொடுத்தது எதுவும் திரும்பி வந்ததில்லையே! யாரிடமும் சொல்லாமல் மூடிவிட்டார். முந்தாநாள் பையன் கால் வைத்த இடத்தில் டொக்கென்று சத்தம் கேட்க, சந்தேகப்பட்டு இவரையே கூப்பிட்டான். கீழே இறங்கிப் பார்க்கலாம் என்று, வெளிச்சம் காட்ட அவன் ஃபோனை வாங்கிக்கொண்டு அவனை முன்னால் விட்டார், பலகையை மூடி அலமாரியை மேலே நகர்த்திவிட்டார்.

“இன்னிக்கு சோதனை முடிஞ்சதும் திறந்து விட்டிருப்பேன் மேடம். சாகடிக்கணும்னு நினைக்கவே இல்ல. சாப்பிட பிஸ்கட் வெச்சேன், ஜூஸ் வெச்சேன். காத்துக்கு வழி பண்ணினேன். எல்லாம் முறைப்படிதான்...”

“அவனுக்கு என்ன உடம்புன்னு கேட்டீங்களா?” என்றார் ரசமட்டம். குமிழி நடுவுக்கு வந்துவிட்டது. “வீட்டுக்கு என்னென்ன வேணும்னு எல்லாம் தெரியுது உங்களுக்கு. உள்ள இருக்கிற ஆளுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல.”

வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. முன்னது ஆம்புலன்ஸ். பின்னதிலிருந்து இறங்கிய ஆபீசர் ஒன்றும் புரியாமல், தலையில் ஹெல்மெட்டோடு, வழியை விட்டு ஒதுங்கி நின்றார். மேடம் அவரிடம் போய், உள்ளே வரைபடத்தில் இல்லாத ஒரு அறையைக் காட்டுகிறேன், முதலில் போலீசைக் கூப்பிடுங்கள் என்றார்.

படுக்கையில் ஏற்றும்போது பையன் கண்ணைத் திறந்தான். அக்காவைத் தேடினான். முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கோ அவர் காலைப் பார்க்க முயன்றான்.

“ஊக்கு... குத்தின செருப்பு,” என்றான். குரல் என்று சொல்ல முடியாது. “வாளி மேல ஏறி நின்னு அந்த ஓட்டை வழியாப் பார்த்தேன்க்கா. உன் செருப்பு தெரிஞ்சுது. நீதான்னு தெரிஞ்சுது.”

“ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதாடா?”

“கத்திப் பார்த்தேன். சத்தமே வரல. அதான், குழாயில வாயை வெச்சு... ஊதினேன்.”

டீச்சர் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது உடைந்தது. தம்பியின் தலையைக் கட்டிக்கொண்டு கதறினார். ஆம்புலன்ஸ்காரர் பக்குவமாக அவரையும் உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினார். மச்சான் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார், பிறகு தன் காரை நோக்கி ஓடினார்.

“ஆணி,” என்றார் மேடம். “வண்டியை எடு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். என்னடா, என்ன பாக்குற?”

நான் குனிந்து, அந்தக் காற்று பட்ட என் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.